மரபியற் பறவைகளும் உயிர்நூலார் மரமும்

டார்வின் 1859-இல் எழுதியதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தொல்காப்பியர் எழுதி வைத்துவிட்டார் என்னும் பேச்சு நமக்குப் புதிதன்று. இலக்கிய விழா மேடைகளிற் கைதட்டல் வாங்கிய இக்கூற்று இன்று ஆசிரியர்களின் புலனக் குழுக்களில் வலம் வருகிறது. சில இடங்களிற் பாடக் குறிப்பிலும் ஏறிவிட்டது. பெருமைக்குரிய செய்திதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதை நம்பிய மாணவன் ஒருவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்று, அறிவியல் ஆசிரியரிடம் அதைச் சொல்லி நகைப்புக்கு ஆளானால், அவன் அறிவியலை விடுவதில்லை; தமிழைத்தான் விடுகிறான். ஆதலின் மேடைப்பேச்சை ஒருபால் ஒதுக்கி, நூலைத் திறந்து வைத்துக்கொண்டு இதனை ஆராய்வது தமிழாசிரியர் கடன் என்று கருதுகிறேன்.

ஆய்வுக்குப் பறவைகளையே எடுத்துக்கொள்கிறேன். மரபியலில் அவற்றுக்கெனத் தனி விதிகள் உள்ளன. உயிர்நூலார் வரையும் மரத்திலும் கடந்த இருபது ஆண்டுகளிற் பெரிதும் திருத்தப்பட்ட பகுதிகளுள் பறவைப் பகுதி ஒன்று. மற்றொரு காரணமும் உண்டு. கெடாவின் தோட்டங்களிற் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னும், நம் பிள்ளைகள் நாள்தோறும் கண்ணாற் காணக்கூடிய காட்டுயிர் என எஞ்சி நிற்பவை பெரும்பாலும் பறவைகளே.

மரபியல் பொருளதிகாரத்தின் இறுதி இயல். அதில் இடைச்செருகல் உண்டென்பார் பலர். அவ்வழக்கு ஈண்டு வேண்டுவதில்லை. இயலின் தொடக்கத்தில் ஆசிரியர் செய்வது யாது? உயிர்களின் இளமைப் பெயர் 9, ஆண்பாற் பெயர் 15, பெண்பாற் பெயர் 13 என வரிசைப்படுத்திக்கொண்டு, எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டும் உரியவை. பெண்ணுக்குப் பேடை, பெடை என்பன. ஆணுக்குச் சேவல் என்பது சிறகுடையவற்றுக்கெல்லாம் பொது. மயில் ஒன்று மட்டும் விலக்கு.

இவ்விலக்கில் சற்று நின்று பார்க்க வேண்டும். மயிலுக்குச் சிறகில்லையா? உண்டு. ஆண் இல்லையா? உண்டு. பின் ஏன் சேவல் ஆகாது? தோகையும் சாயலும் கொண்டு பெண்போலத் தோன்றுவதால் ஆண்மைப் பெயர் அதற்குப் பொருந்தவில்லை என்பது பேராசிரியர் தரும் விளக்கம். விளக்கம் எதுவாயினும், விதி தெளிவு: அக்காலத்துச் சான்றோர் ஆண்மயிலைச் சேவல் என்று வழங்கவில்லை, ஆகவே ஆசிரியரும் வழங்கவில்லை. ஆண்மயிலுக்குப் போத்து என்னும் பெயரைத் தருகிறார். அப்பெயரையே எருமைக்கும் புலிக்கும் மரைக்கும் நீர்வாழ்வனவற்றுக்கும் தருகிறார். மயிலும் எருமையும் புலியும் ஓரினம் என்று அவர் எண்ணினார் என யாரேனும் சொல்வரோ? சொல்லார். ஏனெனில் அவர் வகுத்தது உயிர்களையன்று. உயிர்களுக்குத் தமிழர் இட்டு வழங்கிய பெயர்களையே வகுத்தார். இயலின் பெயரே மரபியல். மரபு என்றால் ஈண்டு வழக்கு என்பதே பொருள். மரபணு என்னும் இக்காலச் சொல்லில் உள்ள மரபை அதன்மேல் ஏற்றிப் படிப்பதால் எத்தனை குழப்பம்!

இனி, அந்த மேடைக் கூற்றுக்கு மிக வலிய சான்று எது என்று பார்ப்போம். எதிர்க்கட்சியின் சிறந்த சான்றை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயரும் பறப்பவற்றுக்கு உரியன என்று சொன்ன கையோடு, தவழ்பவையும் அவ்வாறே என்கிறார் தொல்காப்பியர். தவழ்பவை எனின் ஆமை, உடும்பு, முதலை முதலியன. ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார் முதலையின் குஞ்சையும் ஆமையின் குஞ்சையும் பார்ப்பு என்றே பாடியிருக்கிறார். இப்போது உயிர்நூலாரிடம் சென்று, இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் பறவைக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேளுங்கள். முதலை என்பர்! பல்லியும் பாம்பும் முதலைக்கு எவ்வளவு உறவோ, அதனினும் நெருங்கிய உறவு கொக்கும் காகமும் என்பர். இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 25 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்ததென்பது அவர்கள் கணக்கு. முதலைப் பார்ப்பு, நாரைப் பார்ப்பு என்று நம் முன்னோர் ஒரே பெயர் வைத்திருக்க, உயிர்நூலாரும் அவ்விரண்டையும் ஒன்றாய் வைக்கக் கண்டால், தமிழாசிரியர் எவருக்கும் மயிர்க்கூச்செறியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் நூலை அங்கேயே மூடிவிடலாகாது. இன்னும் சில நூற்பாக்கள் தள்ளிப் படித்தால், கோட்டில் வாழும் குரங்கின் இளமைக்கும் மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு ஆகியவை பொருந்தும் என்று இருக்கிறது. அதாவது குரங்கின் குட்டியும் பார்ப்பே. இன்னும் தள்ளிச் சென்றால், பிள்ளை என்னும் பெயர் ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் அமையும் என்கிறார். தென்னம்பிள்ளை என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளாய்ப் பேச்சில் வாழ்கின்றன. பறவையையும் முதலையையும் ஒரு பெயரால் இணைத்தது பரிணாம அறிவு என்றால், பறவையையும் குரங்கையும் தென்னையையும் இணைத்தது எவ்வறிவு? பொருந்தியதை மட்டும் எடுத்துக் காட்டிப் பொருந்தாததை விழுங்கிவிடுவது ஆராய்ச்சி ஆகாது. நான்கு சீட்டு எடுத்து ஒன்று பலித்ததும் சோதிடன் புகழ் பாடுவது போன்றதே அது.

அளகு என்னும் பெண்பாற் பெயரிலும் இதே நிலை. கோழி, கூகை என்னும் இரண்டுக்கும் அளகு உரியது. மயிலுக்கும் அவ்வுரிமை உண்டு என்கிறது மரபியல். கோழியும் மயிலும் நெருங்கிய உறவு என்பதை இன்றைய மரமும் ஒப்புகிறது; இரண்டும் ஒரே குடும்பத்தவை. கூகையோ வெகுதொலைவிற் கிடக்கிறது. ஒரு நூற்பாவில் ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் என்று மதிப்பெண் போடத் தோன்றும். மதிப்பெண் போடுவதே தவறு. கூகையைக் கோழியோடு சேர்த்துச் சொல்வது பழந்தமிழ் வழக்கு. கூகைக்கோழி என்னும் தொடர் புறநானூற்றில் வருகிறது. அதைப் பாடியவர்க்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் நின்றுவிட்டது. பேச்சில் அது கோழியாக இருந்தமையால் அதன் பெண்ணும் அளகாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. இதில் தொல்காப்பியர் பிழைபடவில்லை. ஊரார் சொன்னதை, ஒழுங்குக்கு ஒவ்வாத விலக்குகளோடும் ஒளிக்காமற் பதிந்திருக்கிறார். விலக்கைப் பதிவது எளிய குணமன்று. தம் அட்டவணை அழகாக இருக்க வேண்டுமென்று விரும்புபவன் மயிலைச் சேவலுக்குள் அடைத்திருப்பான்.

ஆறறிவுப் பகுப்புக்கு வருவோம். மேடைப்பேச்சு பெரும்பாலும் இதையே பிடித்துக்கொள்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையவை. நத்தை போன்றவை நாவும் சேர இரண்டறிவு. சிதலும் எறும்பும் மூக்கோடு மூன்று. நண்டும் தும்பியும் கண்ணோடு நான்கு. விலங்கினம் செவியோடு ஐந்து. மக்கள் மனத்தோடு ஆறு. ஐந்தறிவுக்கு விலங்கோடு மாக்களைக் காட்டும் பாடமும் உண்டு. விலங்கோடு பறவையைக் காட்டும் பாடமும் உண்டு. நன்னூல் பறவையை ஐயறிவுக்குள் வெளிப்படையாகவே வைக்கிறது. சிறந்த பகுப்பு, புலனறிவை அளவுகோலாகக் கொண்ட பகுப்பு. சிதலுக்குக் கண்ணில்லை என்பதைக் கண்டு சொன்ன கூர்மை வியக்கத்தக்கது. ஆயினும் இது ஏணி. கீழ்ப்படி, மேற்படி உண்டு. ஒரு படியிலிருந்து மறுபடி பிறந்தது என்னும் பேச்சு இதில் எங்கும் இல்லை. பறவைகள் அத்தனையும் யானையோடும் பாம்போடும் ஒரே படியில் நிற்கின்றன. கழுகுக்கும் காடைக்கும் என்ன உறவு என்று இந்த ஏணியைக் கேட்டால் அது வாய் திறவாது. அக்கேள்விக்காக அது கட்டப்படவில்லை.

உலகில் வேறெவரும் கனவிலும் காணாதது இப்பகுப்பு என்பாரும் உளர். சமண நூல்களும் உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு வரை, மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் இதே வரிசையில் வைத்துள்ளன. யார் யாரிடம் பெற்றார் என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் அப்படியொன்று இருப்பதையே சொல்லாமல் விடுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

தமிழில் வேறு இரு வகைப் பாகுபாடும் உண்டு. திவாகரம் முதலிய நிகண்டுகள் விலங்கின் பெயர்த்தொகுதிக்குள்ளேயே பறவைகளையும் அடக்கிப் பெயர்களை அடுக்கிவிடும்; அதற்குமேல் அங்கே ஒன்றும் இல்லை. திணைப் பாகுபாடு இதனினும் பொருள் பொதிந்தது. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை, நெய்தலுக்குக் கடற்காகம், பாலைக்குப் பருந்தும் எருவையும் என, வாழும் நிலத்தால் பறவையை அறிவது. இதைச் சூழலியல் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள்: ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிற நிலத்தும் வந்து மயங்கும் என்று தொல்காப்பியரே இடம் வைத்துள்ளார். சிறகுள்ளதைக் கோட்டுக்குள் அடைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் பக்கத்து வயல்களில் பத்தாண்டுகளாகக் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் நத்தைகுத்தி நாரையைக் கண்டவர்கள் இதை ஒப்புவர்.

இனி மேனாட்டார் பக்கம். நம்மவர் பாகுபாடுதான் வெறும் பழங்கதை, அவர்களுடையது முதலிலிருந்தே அறிவியல் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் பறவைகளை ஆறு வரிசையாக வகுத்தார். அளவுகோல் அலகும் காலும். வளைந்த அலகும் கூர்நகமும் கண்டு ஆந்தையைக் கழுகோடு வைத்தார். பூச்சி பிடிக்கும் கீச்சான்குருவியையும் அதே வரிசையில் வைத்தார்! கிளி, காகம், இருவாட்சி, மீன்கொத்தி எல்லாம் ஒரு வரிசையில் நெருக்கியடித்து நின்றன. புறாவைச் சிட்டுக்குருவியோடு சேர்த்தார். இவற்றைச் சொல்லி அவரைக் குறைக்க வரவில்லை. கண்ணுக்குத் தோன்றும் ஒப்புமையை மட்டும் நம்பினால் எவரும் இங்கேதான் வந்து நிற்பர் என்பதற்காகச் சொல்கிறேன்.

டார்வின் செய்த மாற்றம், கேள்வியை மாற்றியது. எது எதைப் போல இருக்கிறது என்பதை விட்டு, எது எதனோடு பிறந்தது என்று கேட்டார். அவருடைய நூலில் உள்ள படம் ஒன்றே ஒன்று. கிளைத்துச் செல்லும் மரம் போன்ற படம் அது. ஆனால் போல இருத்தலை நம்பாவிட்டால் உடன்பிறப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு விடை தமிழாசிரியருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதே நான் சொல்ல வந்ததில் முதன்மையானது.

ஏட்டுச் சுவடிகளை எண்ணிப் பாருங்கள். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றுமுன் ஏடு பல தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார், பாடவேறுபாடு குறித்தார். ஒரு நூலுக்கு நான்கு ஏடு கிடைத்ததென வைத்துக்கொள்வோம். நான்கிலும் ஓர் அடி சரியாக இருந்தால் அதிலிருந்து ஏடுகளின் உறவு பற்றி ஒன்றும் தெரியாது; மூலத்தில் இருந்தது எல்லாவற்றிலும் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் இரண்டு ஏடுகளில் மட்டும் ஒரே அடி விடுபட்டு, ஒரே சொல் ஒரே வகையாகச் சிதைந்திருந்தால்? அவ்விரண்டும் அப்பிழையுள்ள ஏதோ ஓர் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று துணிகிறோம். அந்தத் தாயேடு கறையானுக்கு இரையாகியிருக்கலாம். ஆயினும் அது இருந்தது என்று அறிகிறோம். ஐரோப்பாவில் லாக்மன் பெயரால் வழங்கும் பதிப்புமுறை இதுவே. உறவுக்குச் சான்று, பொதுவான பழைமை அன்று, பொதுவான புதுமை.

செருமானிய உயிர்நூலார் ஹென்னிக் 1950-இல் விலங்குகளுக்கு வகுத்த முறையும் இதுவேதான். முட்டையிடுதல் பழைய பாடம். ஆமையும் பாம்பும் பறவையும் முட்டையிடுகின்றன என்பதால் ஒன்றும் தெரிவதில்லை. இறகு புதிய பாடம். ஒரே ஒரு கிளையில் தோன்றி, அக்கிளையில் உள்ளவற்றில் மட்டும் இருப்பது. அப்புதுமையைப் பின்பற்றிச் சென்றால், 1861 முதல் செருமனியின் சுண்ணாம்புப் பாறைகளிற் கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் வழியாக, இரண்டு காலில் நடந்த டைனோசர்களிடம் போய்ச் சேர்கிறோம். அவற்றின் மறைந்துபோன உறவின் மறுகோடியில் இன்று எஞ்சியிருப்பது முதலை. இன்று மரபணுவின் எழுத்துகளையே ஏடு போல ஒப்புநோக்குகின்றனர். 2008-இல் 169 பறவையினங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. 2014-இல் 48 இனங்களின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டனர். 2024-இல் 363 இனங்கள். ஒவ்வொரு முறையும் மரத்தில் சில கிளை இடம் மாறின. பதிப்புக்குப் பதிப்பு பாடம் திருந்துவது நமக்குத் தெரியாததா? திருந்துவதால் அது பொய் என்று யாரும் சொல்லிவிடாதிருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பறவைகளில் இம்மரம் செய்யும் வேலையைப் பார்த்தால் சுவை மிகும். கெடா நகரங்களில் கடைவீட்டு மேல்மாடிகளை அடைத்து, ஒலிபெருக்கியில் குரல் எழுப்பி, கூட்டுக்காக உழவாரன் வளர்ப்பதை அறிவோம். மாலையில் அதே தெருவின் மின்கம்பியில் வரிசையாக வந்து அமர்வது தகைவிலான். வடக்கே குளிர் தொடங்கும்போது வந்து, கோடையில் திரும்பிவிடும். இரண்டும் சிறியவை, கரியவை, அரிவாள் போன்ற சிறகுடையவை, பறந்துகொண்டே பூச்சி பிடிப்பவை. லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார். மலாய்க்காரர்கள் வாலிட் என்றும் லயாங்-லயாங் என்றும் வேறு பெயராற் பிரித்து அறிவார்கள். நம் பிள்ளைகள் இரண்டையும் குருவி என்றே விட்டுவிடுகிறார்கள். மரம் சொல்வதோ: தகைவிலான் சிட்டும் மைனாவும் காகமும் சேர்ந்த கிளை, உழவாரனின் நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டங்களில் பூத்தேன் உண்ணும் தேன்சிட்டு போன்ற சின்னஞ்சிறு ரீங்காரப் பறவை. ஒரே தொழில் செய்ததால் ஒரே சாயல் வந்தது. இரு புலவர் தனித்தனியே ஒரே உவமையை எழுதிவிடுவதைப் போல. அதனால் ஒருவர் ஏட்டை மற்றவர் பார்த்தார் என்று சொல்லலாமோ?

கழுகின் கதை இன்னும் வியப்பு. லங்காவித் தீவின் பெயருக்கே செம்பருந்தைக் காரணமாகச் சொல்வதுண்டு. குவாவில் கடலோரத்தில் அதன் பெருஞ்சிலை நிற்கிறது. பருந்தையும் வல்லூற்றையும் கொல்லும் பறவை என்று நாம் ஒன்றாக்கினோம். மேனாட்டாரும் நெடுங்காலம் அப்படியே செய்தனர். 2008-ஆம் ஆண்டு ஆய்வு முதலாக, வல்லூறு பருந்துக்கு உறவில்லை, கிளிக்கும் சிட்டுக்குருவிக்குமே நெருங்கிய உறவு என்று நிலைநாட்டப்பட்டு வருகிறது. நம் காட்டோரங்களில் சிட்டுக்குருவியளவே உள்ள வல்லூறு ஒன்று உண்டு. காய்ந்த மரக்கொம்பில் அமர்ந்து தும்பி பிடிக்கும். அதைக் காட்டி இதைச் சொன்னால் வகுப்பு வாய் பிளந்து கேட்கிறது. கூகையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. லயத்துப் பாட்டி அது அலறினாற் சாவு என்று கல்லெடுப்பார். எலியை ஒழிக்கவென்று நிர்வாகம் செம்பனைக்கு நடுவே அதற்குப் பெட்டிவீடு கட்டிக் கொடுக்கும். 1980-கள் முதல் மலேசியத் தோட்டங்களில் நடந்து வரும் காரியம் இது. பாட்டி, நிர்வாகி, மரபியலார், உயிர்நூலார் என நான்கு பேரும் அப்பறவையை நான்கு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதும், அப்படியானால் மரபியலை அறிவியல் வகுப்பின் வாசற்படி ஏற்றவே கூடாது என்று சிலர் முடிவு கட்டலாம். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2003 முதல் தமிழ்ப்பள்ளியிலும் அறிவியல் ஆங்கிலத்தில் நடந்தது. 2009-இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவு செய்தபின் படிப்படியாகத் தமிழ் மீண்டது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்து பழைய வழக்கை மீண்டும் எழுப்பியது. இவ்விடைவெளியில் நாம் இழந்தவை கலைச்சொற்கள் மட்டுமல்ல; பார்ப்பு, அளகு, போத்து, தகைவிலான், உழவாரன் என்னும் சொற்களை உயிரோடு வைத்திருக்கக் கூடிய ஒரே வகுப்பை இழந்தோம். பெயர் தெரியாத பறவையை எந்த மரத்தில் எந்தக் கொம்பில் உட்கார வைப்பது? பெயர்களின் வழக்கை மரபியலிடம் கேட்க வேண்டும். பிறப்பின் உறவை மரத்திடம் கேட்க வேண்டும். மரபியலிடம் போய்ப் பிறப்பைக் கேட்டுவிட்டு, அது சொல்லாததைச் சொன்னதாக ஊரெங்கும் முழங்குவதுதான் தொல்லை.

சொற்களிலும் நாம் சற்று விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. டார்வின் கொள்கைக்கு இங்கும் தமிழ்நாட்டிலும் பரிணாமம் என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்பர். தனித்தமிழ் எழுதுவோர் சிலர் உள்ளது சிறத்தல் என்பர். பின்னிரண்டும் தொல்காப்பிய உரியியலில் கூர்ப்பு, கழிவு என்னும் சொற்களுக்குத் தந்த பொருளிலிருந்து எடுத்தவை. அழகிய சொற்கள்தாம். ஆயினும் சிறத்தல் என்றவுடன் ஏணி வந்துவிடுகிறது. கீழானது மேலாயிற்று, குரங்கு மனிதனாய்ச் சிறந்தது என்று மாணவன் எழுதுகிறான். சுவரில் தொங்கும் படமும் குரங்கு நிமிர்ந்து நிமிர்ந்து மனிதனாகும் வரிசைப் படமே. மரத்தில் உச்சிக் கொம்பு என ஒன்று இல்லை. இன்று இருக்கும் உழவாரனும் முதலையும் மனிதனும் ஒரே நாளில் நுனியில் நிற்பவை. ஒன்று மற்றொன்றின் பாட்டன் ஆகாது. நான் பரிணாமம் என்பதையே வகுப்பில் வைத்துக்கொள்கிறேன். மாறுதல் என்ற அளவில் அது நிற்கிறது. சிறந்தது, தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

மரப்படத்துக்குக் கொடிவழி என்னும் சொல் நம்மிடம் உண்டு. குலமுறையைக் கொடியாக வரைவதற்குத் தமிழில் வழங்கிய சொல் அது, அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மூதாதையும் அதன் வழிவந்தவை அனைத்தும் சேர்ந்த தொகுதிக்கு உயிர்நூலார் ஒரு சொல் வைத்திருக்கின்றனர். அதற்குக் கிளை என்பதினும் பொருத்தமான சொல் வேறு மொழியிற்கூட இருக்குமா என ஐயுறுகிறேன். கிளை என்றால் கொம்பு. கிளை என்றால் சுற்றமும். கிளைஞர் என்கிறோம், கேளும் கிளையும் என்கிறோம். சென்ற பருவத்தில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி, முதலையிலிருந்து பறவை வந்தது என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டு, முதலையும் பறவையும் ஒரு கிளை என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.